நடித்ததாக எடுத்துக்கொள்ளப்பட்ட நாடகம்

மூட்டு வலிக்கிறவர்கள் சுவரோரமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். காலை நீட்டினால் எனக்கொன்றும் மரியாதைக் குறைவில்லை, கண்ணுகளா. இந்தக் கதையில் சிரிப்பு வருகிற இடங்கள் சில உண்டு. வந்தால் சிரித்துவிடுங்கள், பச்சைக் கொடிக்காகக் காத்திருக்க வேண்டாம். பச்சைக் கொடி என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

வைட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. ‘பலாசியோ தெ லா லூனா’ என்று பெயர். ஸ்பானிய மொழியில் நிலா மாளிகை என்று அர்த்தமாம். கட்டியவருக்கு ஸ்பெயின் எந்தப் பக்கம் என்றே தெரியாது. இத்தாலியப் பெயர்களை எல்லாம் பக்கத்துக் கட்டடக்காரர்கள் எடுத்துக்கொண்டதால் மிச்சமிருந்ததை இவர் எடுத்துக்கொண்டார். வாசல் காவலாளி முதல் காய்கறி வண்டிக்காரர் வரை எல்லோரும் அதை லூனா என்றுதான் சொல்கிறார்கள்.

பெயர் அப்படி அமைந்துவிட்டதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு ஒரு பொறுப்பு வந்துவிட்டது. ஸ்பெயினை யாராவது காப்பாற்ற வேண்டும் அல்லவா? சங்கத்துச் செக்ரட்டரி சுந்தரராமன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடையின்போது அதை உணர்ந்தார். அவருடைய தாத்தா மைசூர் அரண்மனை உத்தியோகம், அப்பா மாநிலச் செயலகம், அவரும் ஏதோ ஒரு துறையில் மேலே இருந்து ஓய்வுபெற்றவர். மூன்று தலைமுறையாகத் தலைமை தாங்கி வந்த குடும்பம் என்பதால், எங்கே நான்கு நாற்காலி போட்டாலும் நடு நாற்காலி அவரைத் தேடி வந்துவிடும். ‘பழைய ஸ்பானிய இலக்கியக் களிப்பு அறக்கட்டளை’ பிறந்தது. அதற்கும் அவரே தலைவர்.

பழைய ஸ்பானிய இலக்கியத்தில் சாதாரண ஜனங்கள் எப்படிக் களித்தார்கள் என்று ஆராய்வதுதான் அறக்கட்டளையின் நோக்கம். ஆராய்ச்சிக்கு டாக்டர் பத்ரிநாத் கிடைத்தார். மென்பொருள் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்தவர். மாட்ரிட் நகரத்துக்கு ஒரு முறை போய் மூன்று வாரம் இருந்து வந்த பிறகு, ‘பேஷ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில்கூட அந்த ஊர்ச் சொல்லைத்தான் சொல்லுவார். களிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகத்தில் ஒரு துக்கம் வந்து உட்காரும். பெரிய விஷயத்தைப் பேசுகிறார் என்று அதை வைத்து எல்லோரும் தெரிந்துகொள்வார்கள்.

இனி ஆஞ்சலாவுக்கு வருவோம்.

ஆஞ்சலா ஆஸ்டின் டவுன்காரி. நகரத்தின் நடுவில், வைட்ஃபீல்டுக்கு வெகு தூரத்தில் இருக்கிற பழைய பேட்டை அது. லூனாவில் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறாள், அதில் ஒன்று சுந்தரராமன் வீடு. ஒரு காலத்தில் அந்தக் குடும்பங்கள் எல்லாம் ஆஸ்டின் டவுனுக்குப் பக்கத்தில் தோட்டத்தோடு கூடிய வீடுகளில் இருந்தன. வீட்டை விற்றுவிட்டு வைட்ஃபீல்டுக்குப் போனபோது சோபா, சாமி படம், மீன் தொட்டி ஆகியவற்றோடு வேலைக்காரிகளையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். மற்றவை லாரியில் போயின. பெண்கள் மட்டும் இன்றைக்கும் தினமும் டிரினிட்டியில் மெட்ரோ ஏறிப் போய்வருகிறார்கள்.

அந்தப் பெண்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் உண்டு. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆஸ்டின் டவுனில் பழைய மாதர் மன்றம் என்று ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. நடுவில் முற்றம், ஒரு பக்கம் மேடை, எதிரே மரத்தால் ஆன ஒரு மேல்மாடம், பால்கனி போல. அங்கே அவர்களே நாடகம் போட்டு அவர்களே பார்ப்பார்கள். நாடகத்தின் பெயர் ‘ஜெனரல் பாடி’.

குடியிருப்புச் சங்கத்தின் கூட்டம்தான் கதை. அவர்களில் ஒருத்தியான ஜகதாம்பாள்தான் எப்போதும் செக்ரட்டரி வேஷம். செத்துப்போன புருஷனின் கோட்டு, மையால் வரைந்த மீசை, எதிரே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி டம்ளரை டிங் டிங் என்று தட்டினால்தான் அந்தச் செக்ரட்டரிக்குப் பேச்சு வரும். நாயின் பிறந்தநாளுக்குப் புல்வெளியைத் தரலாமா என்று சபை முழுக்க அடித்துக்கொள்ளும். ஒருவர் எழுந்து நாயின் மனநிலையைப் பற்றிப் பேசுவார். இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எல்லாம் முடிந்ததும் ஆஞ்சலா வேலைக்காரியாகவே வந்து நின்று, “சார், கீழ எங்களுக்குக் குடிக்கத் தண்ணி” என்பாள். டிங் டிங். “சப் கமிட்டி” என்பாள் ஜகதாம்பாள். கூட்டம் முடிந்தது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த மாடத்தில் அன்றைக்கு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து, மூச்சு முட்டிச் சிரிப்பார்கள். வருஷம் முழுக்க ‘சரிங்க மேடம்’ என்று விழுங்கியதெல்லாம் அந்த ஒரு சாயங்காலம் வெளியே வரும். வராவிட்டால் அது தொண்டையிலேயே நிற்கும். தொண்டையில் நின்ற பேச்சு என்ன செய்யும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் ஜகதாம்பாளின் மகன் ஊருக்கு வெளியே தள்ளி அத்திபெலேயில் வீடு பார்த்துவிட்டான். பொங்கலுக்குள் அம்மாவை அங்கே அழைத்துப்போகிறான். ஆகவே செக்ரட்டரிக்கு இதுதான் கடைசிக் கூட்டம். “ஒரு தடவ நல்லா போட்டுட்டுப் போயிடறேன் ஆஞ்சலா” என்று மட்டும் சொன்னாள் ஜகதாம்பாள். எப்படியாவது அதை நடத்திவிட வேண்டும் என்று ஆஞ்சலா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மன்றத்தைக் கேட்கப் போனால் வாசலில் புதுப் பூட்டு, புதுப் பலகை. வாட்ச்மேன் முனிகிருஷ்ணன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா முனிண்ணா, பூட்டு புதுசா கீது?”

“பூட்டு மட்டுமா? நானும் புதுசுதாம்மா. வாட்ச்மேன் இல்லையாம் இனிமே. ஹெரிடேஜ் அசோசியேட். கேட்டு தொறக்கணும், மூடணும், அதே வேலதான்.”

“மன்றம் நம்மளுதுண்ணா.”

“தத்து எடுத்துக்கினாங்க. லூனா ஆளுங்க. மேல எங்கியோ பேசி முடிச்சிட்டாங்க.”

“தத்து எடுக்கறதுக்கு முன்னாடி பெத்தவங்கள ஒரு வார்த்த கேப்பாங்களே?”

முனிகிருஷ்ணன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. “எனக்கு இன்னா தெரியும், தாயி. அங்க போய்க் கேளு. பர்மிஷன் குடுக்கறாங்களாம்.”

லூனாவின் கிளப் ஹவுஸில் அறக்கட்டளையின் அலுவலகம். அங்கே ஸ்னேஹா என்ற பெண் இருந்தாள். நல்ல பெண்தான், யாரையும் கடிந்து பேசத் தெரியாது. ஆனால் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு நடைமுறை வைத்திருப்பாள்.

“ஷூர் ஆன்ட்டி, ஹால் எடுத்துக்கலாம். ப்ளே அப்ரூவ் ஆகணும், அவ்ளோதான். அந்தக் காலத்துல ஸ்பெயின்ல ஒரு புக் போடணும்னா படிச்சவங்க ரெண்டு பேர் பாத்து, இதுல மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமா ஒண்ணுமில்ல, கௌரவமான பொழுதுபோக்குன்னு எழுதித் தருவாங்க. அதையே நாங்க இங்க ரிவைவ் பண்றோம். ஸ்க்ரிப்ட் மெயில் பண்ணிடுங்க.”

“எழுதி வெச்சதில்ல மேடம். வாயில வர்றது.”

ஸ்னேஹா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். வாயில் வருவதற்கு அவளுடைய டேப்லெட்டில் இடம் இல்லை. கடைசியில், குழுவுக்கு முன்னால் நேரிலேயே நடித்துக் காட்டலாம் என்று ஏற்பாடு ஆயிற்று.

குறித்த நாளில் ஜகதாம்பாள் கோட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். கிளப் ஹவுஸ் இருப்பது மேல்மாடியில். வேலைக்காரர்களுக்கு என்று உள்ள லிஃப்ட் அன்று பழுது. மற்ற லிஃப்டில் ஒரு நாயும் அதன் காப்பாளரும் போனார்கள். இவர்கள் படியேறிப் போனார்கள். போனதும் மூச்சு வாங்குவதற்குள் நடிக்கச் சொன்னார்கள்.

குழு என்பது சுந்தரராமனும் பத்ரிநாத்தும். ஜகதாம்பாள் டிங் டிங் தட்டினாள். நாய் விவாதம் நடந்தது. ஆஞ்சலா தண்ணீர் கேட்டாள். சப் கமிட்டிக்குப் போயிற்று. ஒரு முகமும் அசையவில்லை. பத்ரிநாத் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார்.

முதலில் சுந்தரராமன்தான் பேசினார். அவருக்கு உண்மையாகவே குழப்பமாக இருந்தது. “ஹாஸ்யம்னு சொன்னா. எங்கே இருக்கு? நாய்க்கு மெயின் லிஃப்ட் உண்டு, மெய்டுக்குக் கிடையாதுன்னு ஒரு வசனம் வரது. அது நம்ம சங்கத்து பைலால இருக்கிற விதியாச்சே. நானே டிராஃப்ட் பண்ணினது. ரூலை அப்படியே சொன்னா அது எப்படி காமெடி ஆகும்? பத்ரி, நீங்க சொல்லுங்கோ.”

பத்ரிநாத் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “பழைய ஸ்பானிய இலக்கியத்தில் களிப்பு என்பது தனியாக நிற்காது, அம்மா. இன்பமும் பயனும் சேர்ந்தே வரும். நாடகக் கொட்டகை வசூலில் ஆஸ்பத்திரி நடந்தது. அதனால்தான் நாடகத்தையே அனுமதித்தார்கள். அந்த வகையில், உங்களுடைய சிரிப்பினால் என்ன பயன்?”

“சிரிச்சா சிரிப்பு வருது, சார்.”

“அதற்குப் பிறகு?”

ஆஞ்சலா ஜகதாம்பாளைப் பார்த்தாள். ஜகதாம்பாள் மீசையைத் தடவிக்கொண்டாள். “அதுக்கப்புறம் வீட்டுக்குப் போயி நல்லா தூங்குவோம் சார். திங்கக்கெழம உங்க வீட்டுக்கு வேலைக்கு வர மனசு வரும்.”

“ப்ரொடக்டிவிட்டி,” என்றார் சுந்தரராமன். “அதை எழுதிக்கோங்கோ.”

அந்த ஒரு பயனுக்காக நாடகத்துக்கு அனுமதி கிடைத்தது. சில சின்னத் திருத்தங்கள் செய்தார்கள். நாய் வரக்கூடாது, லூனாவில் நாய் வளர்ப்பவர்கள் மனம் புண்படும். லிஃப்ட் வரக்கூடாது, அது பைலா. தண்ணீர் வரக்கூடாது, அந்த விஷயம் நிஜமாகவே சப் கமிட்டியில் இருக்கிறது, அதன் பரிசீலனையில் தலையிட்டதாகிவிடும். செக்ரட்டரிக்கு மீசை இருக்கலாம், ஆனால் அது எந்த மீசையையும் நினைவுபடுத்தக் கூடாது. திருத்தங்களுக்குப் பிறகு நாடகத்தில் மிஞ்சியது ‘கூட்டத்தை ஆரம்பிக்கலாம்’ என்ற ஒரு வசனமும் ‘கூட்டம் முடிந்தது’ என்ற இன்னொரு வசனமும். நடுவில் தண்ணீர் குடிக்கலாம். இதில் மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமாக எதுவுமில்லை, இது கௌரவமான பொழுதுபோக்கு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“அந்த ரெண்டு வசனத்தையும் வெச்சே நான் பண்ணிக்கறேன் ஆஞ்சலா,” என்றாள் ஜகதாம்பாள், படி இறங்கும்போது. “மேடைல ஏத்தி விட்டுடு, போதும்.”

ஆனால் மன்றம் அவர்களுக்குத் தனியாகக் கிடைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அறக்கட்டளையின் பெருவிழா. முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்பானிய நாடகக் கொட்டகையை ஆஸ்டின் டவுனில் அப்படியே எழுப்பப் போகிறார்கள். முற்றமும் மாடமும் உள்ள மன்றத்தைத் தத்தெடுத்தது அதற்காகத்தான். ஸ்பெயினில் இரண்டு அங்கங்களுக்கு நடுவில் சின்னதாகச் சிரிப்பு நாடகம் ஒன்று போடுவது வழக்கமாம். அந்த இடத்தை ஆஞ்சலா கூட்டத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். பதிலுக்கு அந்தப் பெண்கள் அத்தனை பேரும் வந்து ஜனங்களாக இருக்க வேண்டும்.

“ஜனங்களான்னா?” என்று கேட்டாள் ஆஞ்சலா.

“ஆடியன்ஸ், ஆன்ட்டி. சாதாரண ஜனங்க,” என்றாள் ஸ்னேஹா. “அது எங்களால பண்ண முடியாதே.”

ஒத்திகை நடந்தது. பெண்கள் உட்காரும் மாடத்துக்கு ஸ்பெயினில் குழம்புச் சட்டி என்று பெயராம். ஆகவே இவர்களும் சட்டி. ‘சட்டி ரெடியா?’ என்று ஸ்னேஹா கேட்டால் இவர்கள் கையைத் தூக்க வேண்டும். அந்தச் சட்டியில் இன்னும் நாலு பேருக்கு இடம் உண்டாக்கப் பெண்களை நெருக்கித் தள்ளி உட்காரவைப்பதற்கென்றே அந்தக் காலத்தில் ஒரு உத்தியோகஸ்தர் இருந்தாராம். அந்தப் பதவி முனிகிருஷ்ணனுக்கு வந்தது. இறகு வைத்த தொப்பி ஒன்று மாட்டிவிட்டார்கள்.

“மன்னிச்சுக்கோ தாயி, தள்ளணுமாம்,” என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சொல்லித் தோளை மட்டும் தொட்டார் அவர்.

“இன்னும் ஃபோர்ஸ் வேணும் அங்கிள்,” என்றாள் ஸ்னேஹா கீழிருந்து.

“காலைல மெட்ரோல இத விட நல்லா தள்ளுவாங்க,” என்றாள் ஜகதாம்பாள். “அவங்களுக்குத் தொப்பி குடுக்கலாம்.”

நாடகம் பிடிக்காவிட்டால் அந்தக் காலத்துச் சட்டிப் பெண்கள் கொட்டைத் தோலை வீசுவார்களாம், சாவிக்கொத்தைக் குலுக்கிக் கூச்சல் போடுவார்களாம். அவர்கள் சாவியைக் குலுக்கினால் பெரிய பெரிய கவிராயர்களுக்கே கை நடுங்குமாம். அதைச் சொன்னவர் பத்ரிநாத். “ஜனங்கள்தான் அங்கே ராஜா,” என்றார். அப்படிப்பட்ட ராஜாக்களுக்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். ஸ்னேஹா பச்சைக் கொடி காட்டினால்தான் சிரிக்க வேண்டும், வீச வேண்டும், குலுக்க வேண்டும். கொடி இல்லாமல் சட்டி பேசக்கூடாது. வீசுவதற்கு நிலக்கடலை தருவார்கள். விழா முடிந்ததும் தோலை இவர்களே பெருக்கிவிட வேண்டும். வீசுவது பாரம்பரியம், பெருக்குவது ஹவுஸ்கீப்பிங் என்று அதையும் தெளிவாகவே சொன்னார்கள்.

“சாவி அவங்கவங்க எடுத்துட்டு வரணும். கொத்தா இருந்தா சவுண்ட் நல்லா வரும்,” என்றாள் ஸ்னேஹா.

“எங்க வீட்டுக்கெல்லாம் ஒத்தச் சாவிதான் மேடம்,” என்றாள் ஆஞ்சலா. “கொத்துன்னா வேலை செய்யற வீட்டுச் சாவிங்க கீது. லூனா சாவிங்க.”

“பர்ஃபெக்ட். அதையே கொண்டு வாங்க.”

லூனாவில் ஆள் இல்லாத நேரத்தில் பெண்கள் உள்ளே போய் வேலை முடித்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவார்கள். அதற்கான சாவிகள் அவை. பாதுகாப்புக் கருதி, சாவியின்மேல் வீட்டு எண் எழுதக் கூடாது என்று பைலா. ஒருத்தி நூல் கட்டியிருப்பாள், ஒருத்தி நகப்பூச்சு தொட்டு வைத்திருப்பாள். எது எந்த வீடு என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை வந்தது. ஆஸ்டின் டவுன்காரியான நானும் போயிருந்தேன், சட்டியில் ஓரமாக ஒரு இடம் கிடைத்தது. முற்றத்தில் மெத்தை வைத்த நாற்காலிகளும் காற்றுக்கு இரண்டு கூலரும் போட்டிருந்தார்கள். அந்த முற்றத்தில் அக்காலத்துச் சாதாரண ஆண்கள் நின்றுகொண்டே நாடகம் பார்ப்பார்களாம். லூனா அறங்காவலர்களுக்கு முழங்கால் உபத்திரவம் இருப்பதால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வரலாறு தளர்த்தப்பட்டிருந்தது. சட்டிக்குக் காற்று வரவில்லை. அது வரலாற்றின்படியே இருந்தது.

நாடகத்துக்கு முன்னால் பார்வையாளர்களைப் புகழ்ந்து ஒரு உரை சொல்வது ஸ்பானிய வழக்கம். இங்கே அறங்காவலர்களைப் புகழ்ந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக, பொன்னாடையோடு. பிறகு முதல் அங்கம், முழுக்க ஸ்பானிய மொழியிலேயே. யாருக்கும் புரியாத மொழி என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது. நடிகர்கள் வாளை உருவினார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஒருவர் ஜன்னலில் ஏறினார். பச்சைக் கொடி எழுந்தபோது நாங்கள் சிரித்தோம். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

அங்கம் முடிந்தது. இனி ஜகதாம்பாள்தான். திரைக்குப் பக்கத்தில் கோட்டும் மீசையுமாக, டம்ளரைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். சட்டியிலிருந்து பார்த்தால் தெரிந்தது. ஆஞ்சலா என் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

பத்ரிநாத் மேடைக்கு வந்தார். நடுவில் வரும் சிரிப்பு நாடகத்தின் தோற்றமும் வளர்ச்சியும் என்று திரையில் படம் காட்டிப் பேச ஆரம்பித்தார். சிரிப்பு என்பது என்ன, சிரிப்பு எப்போது தேவைப்படுகிறது, தேவைப்படாத காலங்களில் அது எங்கே போகிறது என்று சொன்னார். படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. முற்றத்து வெயில் சுவரில் ஏறி, கூரை ஓரத்துக்குப் போயிற்று. ஜகதாம்பாள் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றாள். டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

அவர் முடித்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. சுந்தரராமன் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து ஸ்பெயின்ல இருட்டறதுக்குள்ளே நாடகம் முடிஞ்சாகணும்னு ரூல். ஆதென்டிசிட்டில நாம காம்ப்ரமைஸ் பண்ணக் கூடாது. இரண்டாம் அங்கத்துக்கு ஆர்டிஸ்ட்டுகள் டெல்லிலேந்து வந்திருக்கா. அதனாலே நடுவிலே வரவேண்டிய அந்த லேடீஸோட ஐட்டத்தை, மினிட்ஸைப் படிச்சதா எடுத்துக்கறோமோன்னோ, டேக்கன் அஸ் ரெட், அந்த மாதிரி, நடித்ததாக எடுத்துக்கொள்ளலாம்னு நான் அபிப்பிராயப்படறேன். யாராவது ப்ரொபோஸ் பண்ணுங்கோ.”

ஒருவர் கை தூக்கினார்.

“செகண்ட்?”

இன்னொருவர் தூக்கினார்.

“ஏகமனதா நிறைவேறியது. ரொம்ப நன்னா நடிச்சா. அவாளுக்கு ஒரு கைத்தட்டு குடுங்கோ.”

முற்றம் கைதட்டியது.

கண்ணுகளா, எனக்கு வயதாகிவிட்டது, எதற்கும் சட்டென்று கோபம் வருவதில்லை. அன்றைக்கு வந்தது. இப்போது சொல்லும்போதும் வருகிறது. நடிக்காத நாடகத்துக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு ஜகதாம்பாள் மேடையின் பக்கவாட்டுப் படியில் இறங்கினாள். முற்றத்து ஓரமாக நடந்து மாடப்படி ஏறினாள், கையில் டம்ளரோடு. ஒரு சொட்டும் சிந்தவில்லை. மீசை வியர்வையில் கரைந்து உதட்டுக்கு வந்திருந்தது. சட்டியில் இடமே இல்லை, ஆனாலும் யாரும் தள்ளாமலே இடம் உண்டாயிற்று. உட்கார்ந்தாள்.

“குடி அக்கா,” என்றாள் ஆஞ்சலா.

“வேணாம். அது செக்ரட்டரி தண்ணி.”

ஆஞ்சலா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தாள். கொடி எதுவும் எழவில்லை. குலுக்கினாள். பக்கத்தில் இருந்தவள் குலுக்கினாள். அதற்கடுத்தவள். மாடம் முழுக்கச் சாவிகள் குலுங்கின, மரத்தரை அதிர்ந்தது, கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பின. லூனாவின் முன்கதவுகளும் பின்கதவுகளும் ஒருசேரக் கத்தின. நானும் குலுக்கினேன், என் ஒற்றைச் சாவியை.

சுந்தரராமன் அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. “ப்யூட்டிஃபுல்,” என்றார். “பத்ரி, ரெகார்ட் பண்றேளா? எக்ஸாக்ட்லி இப்படித்தான் இருந்திருக்கும்.”

பத்ரிநாத் செல்போனை உயர்த்தினார். அவர் கண்ணில் நீர் நின்றது. முற்றம் மறுபடியும் கைதட்டியது. ஸ்னேஹா மட்டும் கொடியைத் தேடிப் பிடித்து அவசரமாக உயர்த்தினாள், நடந்தது விதிப்படி நடந்ததாக இருக்கட்டும் என்று.

ஆஞ்சலாவின் கை நின்றது. எதைச் செய்தாலும் இவர்கள் கைதட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அழுதாலும் படம் பிடிப்பார்கள். கொஞ்ச நேரம் கொத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சட்டியின் நடுவில் தரையில் வைத்தாள், வீசவில்லை, வைத்தாள். மெதுவாகப் படியிறங்கிப் போனாள். அடுத்தவளும் அதன்மேல் தன் கொத்தை வைத்தாள். எல்லோரும் வைத்தார்கள். அடையாளத்துக்குக் கட்டியிருந்த நூல்களைச் சிலர் அவிழ்த்துக்கொண்டார்கள், நூல் அவர்களுடையது என்பதால். இரண்டாம் அங்கம் தொடங்கியபோது மாடத்தில் சாவிக் குவியலும் நிலக்கடலைக் கூடையும் மட்டும்தான் இருந்தன. சட்டி காலியானதை யாரும் கவனிக்கவில்லை.

குவியலைக் கண்டது முனிகிருஷ்ணன். ஸ்னேஹாவிடம் சொன்னார். ஸ்னேஹா லூனாவின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டாள்: குடியிருப்பின் சாவிகள் எல்லாம் எண் இல்லாமல் ஒரே குவியலாக ஆஸ்டின் டவுனில் கிடக்கின்றன. அதற்குப் பிறகு லூனாவில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். குவியலை யாராவது ஒருவர் போய் எடுத்துவரலாம் என்றால், அந்த ஒருவர் கையில் மற்றவர்கள் வீட்டுச் சாவி எல்லாம் இருக்குமே. பக்கத்து வீட்டுக்காரரை நம்பலாமா என்று பதினான்கு மாடியும் யோசித்தது. நம்பக்கூடாது என்று முடிவாயிற்று. ஆகவே எல்லோரும், ஒரே நேரத்தில், நேரில் போய், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே அவரவர் சாவியைப் பொறுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதர் மன்றத்தில், அவசரப் பொதுக்குழு.

நாற்காலிகளையும் கூலர்களையும் வாடகைக்காரர் சனிக்கிழமையே எடுத்துப்போய்விட்டார். லூனா முற்றத்தில் நின்றது. குவியலை மேடையில் கொட்டியிருந்தார்கள். ஆள் வர வர இடம் போதவில்லை. முனிகிருஷ்ணன் இறகுத் தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

“கொஞ்சம் நகருங்க சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி. இன்னும் நாலு பேர் வரணும்.” இந்த முறை தோளை மட்டும் தொடவில்லை. ஃபோர்ஸ் இருந்தது.

நாங்கள் மாடத்தில் இருந்தோம். கோவிலுக்குப் போனவர்கள் கோவிலிலிருந்து, சர்ச்சுக்குப் போனவர்கள் சர்ச்சிலிருந்து வந்துவிட்டார்கள். எங்கள் மன்றம், நாங்கள் உட்காரும் மாடம், நாங்கள் வந்தோம். நிலக்கடலைக் கூடை அப்படியே இருந்தது. திங்கட்கிழமை எந்தெந்த வீடு ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். சுந்தரராமன் வீட்டு அம்மாள் காலையிலேயே ஆஞ்சலாவுக்குச் சொல்லியும்விட்டாள். ஆனாலும் அன்று ஞாயிற்றுக்கிழமை.

கீழே கதை சூடு பிடித்தது. ஒரே சாவியை இரண்டு பேர் தங்களுடையது என்றார்கள். ஒருவர் சாவியைத் தொட்டுப் பார்க்க ஒரு நடைமுறை வேண்டும் என்றார். இன்னொருவர் நாயைத் தனியாக விட முடியாமல் கூட்டி வந்திருந்தார், அது மேடையில் ஏறிக் குவியல்மேல் உட்கார்ந்துகொண்டது. நாயை எழுப்புவதா, அதுவாக எழும்வரை காத்திருப்பதா என்று விவாதம் வந்தது. அது ரொம்ப சென்சிடிவ் என்றார் நாய்க்காரர். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சட்டியில் முதல் சிரிப்பு அப்போதுதான் கிளம்பியது.

“ஆஞ்சலா,” என்று அண்ணாந்து கூப்பிட்டார் சுந்தரராமன். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. “எது யாரோடதுன்னு உங்களுக்குத்தானே தெரியும். கீழே வந்து சொல்லுங்கோம்மா.”

ஆஞ்சலா கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள். “சட்டி பேசக்கூடாது சார். மேடம் பச்சக் கொடி காட்டணும்.”

எல்லோரும் ஸ்னேஹாவைப் பார்த்தார்கள். அந்தப் பெண் தலைவரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், கைப்பையைத் திறந்து கொடியை எடுத்து உயர்த்தினாள்.

கொடி காட்டினால் வீச வேண்டும் என்பது விதி. வீசினோம். கூடை நிறைய இருந்த கடலை அத்தனையும், தோலும் பருப்புமாக, நிலா மாளிகையின் தலைமேல், தோள்மேல், நாயின்மேல் விழுந்தது.

“ஆர்டர், ஆர்டர்,” என்றார் சுந்தரராமன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மேடை ஓரத்தில், முந்தின நாள் ஜகதாம்பாளுக்காக வைத்த சின்ன மேஜை இருந்தது. அதன்மேல் யாரோ அவருக்குக் கொண்டுவந்து வைத்த ஒரு டம்ளர் தண்ணீர். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

சட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டது.

டிங் டிங்.

“இந்த விஷயத்தை,” என்றார், “ஒரு சப் கமிட்டி போட்டு…”

அவர் முடிக்கவில்லை. முடிக்க நாங்கள் விடவில்லை. ஒருத்தி மடியில் ஒருத்தி விழுந்தோம். மரத்தரை அதிர்ந்தது. ஆஞ்சலா கண்ணில் தண்ணீர் கொட்டியது, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். வருஷம் முழுக்கத் தொண்டையில் நின்றதெல்லாம் வெளியே வந்தது. கொடி எப்போதோ இறங்கிவிட்டிருந்தது.

சுந்தரராமன் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி மேலே பார்த்தார். கோபம்கூட இல்லை, குழப்பம்தான். “இதிலே சிரிக்க என்ன இருக்கு?” என்று கேட்டார்.

ஜகதாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் தாடையை வைத்து, அவருடைய ஒவ்வொரு அசைவையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆஞ்சலா பக்கம் திரும்பினாள்.

“கொஞ்சம் ஜாஸ்தியா பண்றாரு,” என்றாள். “நான் இந்தளவுக்குப் போவ மாட்டேன்.”